வைரஸ் இருக்கிறது, நோய் எங்கே?

கனடாவின் சஸ்காட்சவான் மாகாணத்துப் பன்றிப் பண்ணை ஒன்றில் 1991-ல் புது நோய் ஒன்று தலைகாட்டியது. பால்குடி மறந்து சில வாரங்களே ஆன குட்டிகள், தீவனம் தின்றும் தேறவில்லை. முதுகெலும்பு துருத்தியது, தோல் வெளிறியது, மூச்சு வாங்கியது. சில குட்டிகளுக்கு மஞ்சள் காமாலை. தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. சில ஆண்டுகளில் ஐரோப்பா, ஆசியப் பண்ணைகளிலும் இதே நோய் பரவலாகத் தெரியவந்தது.

இறந்த குட்டிகளின் நிணநீர் முடிச்சுகளை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நோய் எதிர்ப்பு அணுக்கள் நிறைந்திருக்க வேண்டிய இடம் வெறிச்சோடிக் கிடந்தது. மிஞ்சிய செல்களுக்குள் திராட்சைக் கொத்துப் போலக் கருநிறத் திட்டுகள். அத்தனையும் வைரஸ் குவியல். அதற்குப் பன்றி சர்க்கோ வைரஸ்-2 என்று பெயரிட்டார்கள். குறுக்களவு சுமார் 17 நானோமீட்டர்தான்.

ஆள் பிடிபட்டாயிற்று, வழக்கு முடிந்தது என்று சொல்ல முடியவில்லை. நன்றாகக் கொழுத்துத் திரிந்த பன்றிகளின் உடலிலும் அதே வைரஸ் இருந்தது. ஜெர்மனியில் சேமித்து வைத்திருந்த பழைய திசுக்களைச் சோதித்தபோது, 1962-ஆம் ஆண்டுத் திசுவிலேயே அது அகப்பட்டது. அத்தனை காலம் சும்மா இருந்த வைரஸ், தொண்ணூறுகளில் மட்டும் ஏன் உயிரைக் குடிக்க வேண்டும்? இதன் மூத்த வகையான சர்க்கோ வைரஸ்-1 பெர்லினில் உள்ள ராபர்ட் காக் நிறுவனத்தில், பன்றிச் சிறுநீரகச் செல் வளர்ப்பில் 1974-ல் கண்டறியப்பட்டது. அது பன்றிக்கு நோய் தருவதாகக் கருதப்படுவதில்லை.

நோயாளியிடம் இருக்கும் கிருமி, நலமாக இருப்பவரிடம் இருக்கக் கூடாது என்பது அந்த நிறுவனத்தின் பெயருக்குரிய நுண்ணுயிரியலாளர் ராபர்ட் காக் வகுத்த விதிகளில் ஒன்று. இங்கே அந்த விதி எடுபடவில்லை. கிருமியே அண்டாமல் வளர்த்த குட்டிகளுக்கு இரண்டாம் வகையை மட்டும் செலுத்தினால், பெரும்பாலும் லேசான பாதிப்போடு தப்பின. கூடவே பார்வோ வைரஸையும் செலுத்தியபோது நோய் முற்றியது. 2001-ல் வெளியான ஆய்வில் இரண்டாம் வகையோடு வேறு கிருமி எதுவுமே சேர்க்கவில்லை. குட்டிகளின் நோய் எதிர்ப்பு மண்டலத்தை ஊசி மூலம் தூண்டிவிட்டார்கள், அவ்வளவுதான். குட்டிகள் மெலிந்தன.

சந்தேகத்தைப் பெருமளவு தீர்த்தது தடுப்பூசி. 2006 முதல் இரண்டாம் வகைக்கு எதிரான ஊசிகள் பண்ணைகளுக்கு வந்தன. சாவு சரிந்தது. நோயே இல்லை என்று நினைத்திருந்த பண்ணைகளிலும் பன்றிகளின் எடை கூடியது. இந்த வைரஸ் இல்லாமல் நோய் இல்லை. ஆனால் இது மட்டும் இருந்தாலும் நோய் வந்தாக வேண்டும் என்பதில்லை.

முதலாம் வகை 2010-ல் மனிதர்களையும் கலங்கடித்தது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாரிக்ஸ் சொட்டு மருந்தில் அதன் டி.என்.ஏ. இருந்தது தெரிந்ததும், மார்ச் மாதம் அதன் பயன்பாட்டை அமெரிக்காவில் நிறுத்திவைத்தார்கள். மனிதருக்கு அது நோய் தருவதாக எந்த ஆதாரமும் கிடைக்காததால், மே மாதமே தடை நீங்கியது.

இப்போது விசாரணையில் இருப்பது 2016-ல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட மூன்றாம் வகை. கருவிலேயே இறந்த குட்டிகளிடமும் தோல், சிறுநீரக நோய் கண்ட பன்றிகளிடமும் அது கிடைத்தது. நலமாக உள்ளவற்றிடமும் கிடைக்கிறது. அதனால் பி.சி.ஆர். சோதனையில் வைரஸ் தென்படுவது மட்டும் கால்நடை நோயியல் நிபுணர்களுக்குப் போதுவதில்லை. நோயின் அறிகுறி, திசுவில் அதற்குரிய சிதைவு, சிதைந்த அதே இடத்தில் வைரஸ் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே காரணம் எழுதுகிறார்கள்.