கணினித் திரையிலிருந்து அச்சுத் தாளுக்கு

அகத்தியமலையில் தோன்றும் நெய்யாறு அரபிக்கடலில் கலக்கும் இடம் பூவார். ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே நிற்கும் மணல்திட்டு பருவந்தோறும் உருமாறும். 1956 நவம்பரில் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது நெய்யாற்றின்கரைத் தாலுகாவுடன் இவ்வூரும் கேரளத்தில் நின்றுவிட்டது. அலைக்கோ எல்லையில்லை. உள்ளூரில் காற்றும் மழையும் இல்லாதபோதே, தென் இந்தியப் பெருங்கடலில் எழுந்த நெட்டலைகள் வந்து கரையேறுவதை மலையாள மீனவர் ‘கள்ளக்கடல்’ என்பர். யுனெஸ்கோ 2012-இல் ஏற்றுக்கொண்ட சொல் இது. 2024 மார்ச் 31 அன்று திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரை இவ்வலைகளால் தாக்குண்டது.

இவற்றைப் பற்றிய முன்னறிவிப்பை ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அப்பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சிட்டுப் பள்ளியிலோ மீன் இறங்குதுறையிலோ ஒட்ட விரும்பும் ஊழியர் ஒன்றை மனத்திற்கொள்ளல் வேண்டும். அலையின் உயரம் 1.5 மீட்டர் என்பதில் நடுப்புள்ளி மங்கினால், படிப்பவர் கண்ணுக்கு அது 15 ஆகிவிடும்.

மங்குவதற்குக் காரணம் எளிய கணக்கே. சாதாரணக் கணினித் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 படப்புள்ளிகள் உள்ளன. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். எனவே அப்படம் 6.4 அங்குல அகலத்துக்கே போதும். ஏ4 தாளைக் கிடையாக வைத்து முழுவதும் நிரப்பினால் அங்குலத்துக்குச் சுமார் 164 புள்ளிகளே கிட்டும். கோப்பில் 72 என்றிருப்பதை 300 எனத் திருத்திவிட்டால் படம் கூர்மையாகிவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். மரக்காலை மாற்றி அளப்பதால் நெல் பெருகுமா?

புள்ளிகளைப் படம் எடுக்கும்போதே பெருக்கிக்கொள்ள வேண்டும். உலாவியில் பக்கத்தை 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கினால் எழுத்துகள் புதிதாக வரையப்படும். அதே பகுதிக்கு நான்கு மடங்கு புள்ளிகள் கிடைக்கும். திரைக்குள் அடங்காத பக்கத்தைப் பகுதி பகுதியாக எடுத்து இணைக்கலாம். ஆனால் படமாகவே பதிந்துள்ள வரைபடம் இதனால் தெளிவு பெறாது. அத்தளத்திலேயே பெரிய படம் உண்டாவெனத் தேடுதல் நலம். உலாவியின் அச்சுக் கட்டளையால் பிடிஎஃப் ஆக்கினால் எழுத்தின் விளிம்பு சிதையாது. ஆயினும் பின்னணி வண்ணத்தை அச்சிடும் குறியை இட மறந்தால் எச்சரிக்கை நிறமே மறைந்துபோகக்கூடும்.

கோப்பை பிஎன்ஜி வடிவில் சேமிக்க வேண்டும். ஜேபெக் வடிவம் ஒளிப்படத்துக்கு ஏற்றது. சிற்றெழுத்தைச் சுற்றி அழுக்குப் படியச் செய்யும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படுகிறது. ஆவணமாக அனுப்பினால் குறையாது. ஆப்செட் அச்சகத்துக்குச் செல்லும் படத்தில் கறுப்பெழுத்து கறுப்பு மையால் மட்டும் அமைதல் வேண்டும்; நான்கு மைகளாகப் பிரிந்தால், தாள் சற்று நகர்ந்தாலும் எழுத்து இரட்டிக்கும்.

பள்ளிகளில் பெரும்பாலும் கிட்டுவது கறுப்பு வெள்ளை நகலே. அதில் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றக்கூடுமாதலால், நிறத்தின் பெயரைப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். படம் எடுத்த நாள், மணி, அறிவிப்பு செல்லும் காலம் ஆகியவை மேலே பெரிதாக இருக்கட்டும். அக்காலம் கடந்ததும் தாளைக் கிழித்தெடுப்பது ஒட்டியவர் பொறுப்பு.