என்ஸைமுக்கு ஒரு துணை

ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்த உயிரற்ற சாறே சர்க்கரையை நொதிக்கச் செய்யும் என்று ஜெர்மானிய விஞ்ஞானி எட்வர்ட் பூக்னர் 1897-இல் நிரூபித்தார். அச்சாற்றை லண்டனில் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் 1906-இல் ஜெலட்டின் ஏற்றிய வடிகட்டியில் செலுத்தி இரண்டாகப் பிரித்தபோது, மேலே தங்கிய பகுதியும் கீழே வடிந்த நீரும் தனித்தனியே சர்க்கரையை ஏதும் செய்ய இயலாமல் கிடந்து, ஒன்றுசேர்ந்த மாத்திரத்தில் நொதித்தலைத் தொடங்கிவிட்டன. மேலே தங்கிய பகுதியில் இருந்தது நொதித்தலை நடத்தும் பொருளான என்ஸைம்; சூட்டில் அது அழிந்துபோகும். வடிந்த நீரோ கொதித்த பின்னும் தன் வீரியத்தை இழக்கவில்லை. எத்தனை எளிய பரிசோதனை, எவ்வளவு பெரிய உண்மை!

அந்நீரிலிருந்த சிறிய மூலக்கூறே துணை என்ஸைம். உணவுப் பொருளிலிருந்து என்ஸைம் பிரித்தெடுக்கும் ஹைட்ரஜனை, எலெக்ட்ரான்களோடு ஏற்று வேறொரு என்ஸைமிடம் ஒப்படைத்துவிட்டு, மறுபடியும் அதே பணிக்குத் திரும்பும் தூதன் அது. ஆகையால் சிறிதளவே சரீரத்துக்குப் போதும். ஆனால் அச்சிறிதளவும் அவசியம்: அதை ஆக்கப் பயன்படும் நியாஸின் என்ற வைட்டமின் கிட்டாமல், மக்காச்சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த அமெரிக்க ஐக்கிய மாகாணங்களின் தென்பகுதி ஏழைகள் பெல்லக்ரா நோய்க்கு இரையானார்கள். சில என்ஸைம்களுக்கு உலோக அணுவே துணை; ரத்தத்தில் கரியமிலவாயுவை நீருடன் இணைக்கும் என்ஸைம், துத்தநாகமின்றிச் செயல்படாது.