பேசாத பொத்தான்

கணிப்பொறித் திரையில் தோன்றும் படிவத்தைக் காணாத மாணவர் இக்காலத்து அரியர். பெயரும் எண்ணும் எழுதுதற்குரிய கட்டங்களும், அழுத்துதற்குரிய பொத்தான்களும் அதில் அமைந்திருக்கும். இவற்றைக் கட்டுப்பாடுகள் என்பர். பொத்தானை ஒருவர் அழுத்துவதும், கட்டத்தில் எழுத்து மாறுவதும் நிகழ்வுகள் எனப்படும். நிகழ்வு நேருங்கால் கணிப்பொறி செய்யவேண்டுவது யாது என எழுதிவைத்த நிரற்பகுதி, நிகழ்வுச் செயல்முறை ஆகும். நிகழ்வு நேர்ந்தும் செயல்முறை வாளா கிடக்குமாயின், அக்குறையைக் கண்டு களைவது எங்ஙனம் என்பதே ஈண்டுக் கூறப்படுவது.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் உள்ளது கிளியனூர். அவ்வூரில் நிலக்கடலை வாங்கும் வணிகர் ஒருவர்க்கு மாணவன் ஒருவன் எடைக்கணக்குப் படிவம் எழுதித் தந்தான் எனக் கொள்வோம். (நிலக்கடலையை இப்பக்கத்தார் மல்லாட்டை என்பர்.) எடையை எழுதிச் 'சேமி' என்னும் பொத்தானை அழுத்தினால் அது பேரேட்டில் பதிய வேண்டும். ஒருநாள் பொத்தான் அழுந்துகிறது. ஆயின் ஒன்றும் பதியவில்லை. பிழை எனத் திரை அறிவித்தால் எழுதுவோர் விழிப்படைவார். இங்கோ அறிவிப்பும் இல்லை. மாலையில் கணக்குப் பார்க்கும்போதுதான் உழவர் ஒருவரின் 10 மூட்டை ஏட்டில் இல்லாமை புலப்படும். மூட்டைகளோ வண்டியேறிப் போயிருக்கும். உழவர் சொல்லுக்கும் ஏட்டுக்கும் வழக்கு நேரின், பெரும்பாலோர் ஏட்டையே நம்புவர்.

இந்நிலையில் முதற்கண் ஆராய வேண்டுவது ஒன்று. செயல்முறை தொடங்கவே இல்லையா, அன்றித் தொடங்கி இடையில் கெட்டதா? செயல்முறையின் முதல் வரியில் 'வந்தேன்' என்று திரையில் காட்டும் கட்டளை ஒன்றை எழுதிப் பொத்தானை அழுத்துக. அச்சொல் தோன்றின் நிகழ்வு வந்து சேர்ந்தது; குறை உள்ளே இருக்கிறது. பழைய விசுவல் பேசிக் மொழியில் 'ஆன் எரர் ரெசியூம் நெக்ஸ்ட்' என்றொரு தொடர் உண்டு. பிழை நேரினும் அடுத்த வரிக்குச் செல்க என்பது அதன் பொருள். நோயை ஆற்றாது வலியை மட்டும் மறைக்கும் மருந்து அது. ஆராயுங்கால் அதனை நீக்கிவிடுதல் நன்று.

'வந்தேன்' என்னும் சொல் தோன்றாதாயின், பொத்தானுக்கும் செயல்முறைக்கும் உள்ள இணைப்பை நோக்குக. இலக்கணம் பயின்றார்க்கு இவ்விணைப்பு புதிதன்று. 'பால் குடித்தான்' என்பதில் ஐ உருபு மறைந்து நிற்கிறது. 'பாலைக் குடித்தான்' என்பதில் அது விரிந்து நிற்கிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 1991இல் வெளியிட்ட விசுவல் பேசிக் முதல், 1998இல் வந்த 6ஆம் பதிப்பு வரை இணைப்பு தொகைநிலையிலேயே இருந்தது. பொத்தானின் பெயரும் நிகழ்வின் பெயரும் அடிக்கோட்டால் சேர்ந்து செயல்முறையின் பெயராயின. அப்பெயர்ப் பொருத்தமன்றி வேறு உருபு இல்லை. ஆதலின், செயல்முறையை எழுதிய பின்னர்ப் பொத்தானின் பெயரை மாற்றினால் இணைப்பு அறும். செயல்முறை உரிமையாளர் இல்லாத வீடுபோல் நிரலில் கிடக்கும். 2002இல் வந்த டாட் நெட் பதிப்பில் 'ஹேண்டில்ஸ்' என்னும் சொல் உருபாக விரிந்து நின்றது. அங்கே செயல்முறையின் பெயர் எதுவாயினும் தீங்கில்லை. எனினும், பொத்தானை ஓரிடத்தில் வெட்டி வேறொரு பலகத்தில் ஒட்டினால் அவ்வுருபு உதிர்ந்துவிடும். படிவத்தை அழகுபடுத்த முயன்றவர் பலர் இதனாலேயே இடர்ப்பட்டனர். சி ஷார்ப் மொழியிலோ, இணைக்கும் வரி வடிவமைப்புக் கோப்பு என்னும் தனிக்கோப்பில் இருக்கும். அங்கே சென்று பார்த்தல் வேண்டும்.

இணைப்புச் செவ்வையாக இருந்தும் நிகழ்வு வாராமை உண்டு. பலகத்தின்மேல் வைத்த படத்தை அழுத்தினால் நிகழ்வு படத்துக்கே உரியது, பலகத்துக்குச் செல்லாது. எழுதும் கட்டத்தில் இருந்துகொண்டு விசை ஒன்றைத் தட்டினால், 'கீ பிரிவியூ' என்னும் பண்பை மெய் என்று அமைத்தாலன்றிப் படிவம் அதனை அறியாது. டாட் நெட் படிவத்தில் வைத்த டைமர், இயக்கப்படும்வரை உறங்கும்.

இவற்றினும் நுட்பமானது ஒன்றுண்டு. விண்டோஸ் அமைப்பில் அழுத்தங்கள் யாவும் செய்திகளாகி வரிசையில் நிற்கும். நிரல் ஒவ்வொன்றாக எடுத்து அவற்றுக்குரிய செயல்முறையை ஏவும். முன்னைய செயல்முறை நெடுநேரம் உழைத்துக்கொண்டிருந்தால், பின்வந்த அழுத்தம் காத்திருக்கும். பொத்தான் கெட்டது எனக் கருதி மும்முறை அழுத்தினவர்க்கு, வேலை முடிந்தபின் மூன்றும் ஒருங்கே வந்து சேரவும் கூடும். ஒரு மூட்டை மூன்றாகப் பதியும். இம்முறை இழப்பவர் வணிகர். செயல்முறையின் தொடக்கத்தில் பொத்தானை முடக்கி இறுதியில் திறப்பது மட்டும் போதாது. திறந்தவுடன் காத்திருந்த செய்திகள் உள்ளே வரும். நெடிய வேலையை வேறோர் இழைக்கு ஒப்படைத்து, அது முடியுமளவும் பொத்தானை முடக்கிவைத்தலே தக்கது. அதன்பின் ஒரு மூட்டையின் எடையை எழுதி, பொத்தானை விரைந்து மும்முறை அழுத்திப் பேரேட்டைத் திறந்து எண்ணுக. அங்கே ஒரு வரியே இருத்தல் வேண்டும்.