முதல் சம்பளத்தோடு தொடங்க வேண்டும் எம்.பி.ஏ. திட்டம்!

“எம்.பி.ஏ. படிப்பா? அதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு!”

தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

பட்டப்படிப்பை முடித்த இளைஞன் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேருகிறான். நாலைந்து ஆண்டு கழிகிறது. தனக்குப் பின்னால் வந்த ஒருவன், தனக்கு மேலதிகாரியாக வந்து உட்காருகிறான். விசாரித்தால், அவன் பெயர் பெற்ற நிர்வாகவியல் கல்லூரியில் படித்தவன் என்று தெரிகிறது. அப்போதுதான் இவனுக்கும் ஆசை பிறக்கிறது. ஆனால் அதற்குள் கல்யாணம், வீட்டுக் கடன், ஊரில் தங்கையின் படிப்பு என்று சுமைகள் தோளில் ஏறிவிட்டன.

இந்த ஆசை முதல் சம்பளம் வாங்கிய மாதத்திலேயே பிறந்திருந்தால்?

தகுதி என்ன?

1961-ம் ஆண்டு கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் தொடங்கப்பட்டவை ஐ.ஐ.எம். நிறுவனங்கள். பெங்களூரில் 1973-ல் வந்தது. இன்று நாடு முழுவதும் 20-க்கும் மேல் உள்ளன. பம்பாயில் 1963-ல் ‘நிட்டி’ என்ற பெயரில் தொடங்கிய நிறுவனமே 2023-ல் ஐ.ஐ.எம். மும்பை ஆனது.

இவற்றின் இரண்டாண்டுப் படிப்புக்கு ‘கேட்’ தேர்வு எழுத வேண்டும். ஏதேனும் ஒரு பட்டம், அதில் 50 சதவீத மதிப்பெண். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 45 சதவீதம் போதும். வயது வரம்பு இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.

அஞ்சல் வழியில் படித்தவர்கள், தங்கள் பட்டம் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்றதுதானா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

பின்னாலிருந்து எண்ண வேண்டும்

வகுப்பு தொடங்குவது ஜூன், ஜூலையில். அதற்கு முன் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நேர்முகத் தேர்வு. அதற்கு முன் நவம்பர் கடைசியில் எழுத்துத் தேர்வு. ஆகஸ்டு, செப்டம்பரில் விண்ணப்பம். ஆக, விண்ணப்பத்துக்கும் வகுப்புக்கும் நடுவில் ஏறக்குறைய பத்து மாதம் ஓடிவிடும்.

தேர்வு இரண்டு மணி நேரம். ஆங்கிலம், விவரங்களை அலசிப் பார்த்தல், கணக்கு என்று மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒன்றில் மிச்சமாகும் நேரத்தை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறு செய்தால் ஒரு மதிப்பெண் பறிபோகும்.

தமிழ் வழியில் படித்தவர்களைத் தடுமாற வைப்பது முதல் பகுதிதான். ஆங்கிலக் கட்டுரையை வேகமாகப் படித்துப் பொருள் கொள்ளும் பழக்கம் இரண்டு மாதப் பயிற்சி வகுப்பில் வராது. தினமும் அரை மணி வீதம் ஓராண்டு படித்தால் வரும். டோம்பிவிலியிலிருந்து சி.எஸ்.எம்.டி. வரை ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதே, அந்த நேரம் யாருடையது? கூட்டத்தில் நின்றுகொண்டே ஒரு தலையங்கத்தைப் படித்து முடிக்கலாம்.

எந்த அனுபவம் கணக்கில் வரும்?

பல நிறுவனங்கள் வேலை அனுபவத்துக்கும் மதிப்பெண் தருகின்றன. இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பொதுவாகப் பட்டம் பெற்ற பிறகு செய்த முழுநேர வேலையே கணக்கு. பகலில் வேலை, அஞ்சல் வழியில் படிப்பு என்று மூன்று ஆண்டு உழைத்தவருக்கு, அந்த மூன்று ஆண்டு அனுபவமாகச் சேராது. பகுதி நேர வேலையும் சேராது. அறிவிப்பில் குறிப்பிடும் தேதி வரையுள்ள மாதங்களையே எண்ணுவார்கள்.

அனுபவத்துக்கு அத்தாட்சி வேண்டும். வேலை நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, விலகும்போது தரும் கடிதம் ஆகியவை கையில் இருக்க வேண்டும். சின்ன கம்பெனிகளில் சம்பளத்தை ரொக்கமாகக் கொடுத்துவிட்டுச் சீட்டே தருவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் முதல் மாதத்திலிருந்தே எழுத்து மூலம் கேட்டு வாங்கிவிட வேண்டும். மூன்று ஆண்டு கழித்துக் கேட்டால் முதலாளியும் மாறியிருப்பார், கணக்குப்பிள்ளையும் மாறியிருப்பார்!

சின்ன வேலையிலும் சரக்கு உண்டு

“நான் வெறும் குமாஸ்தா. நேர்முகத் தேர்வில் எதைச் சொல்வது?” என்று தயங்குவோர் பலர்.

நவசேவா துறைமுகத்தில் சரக்கு எடுக்கும் ஏஜெண்டு ஆபீசில் ஒரு பையன் வேலை செய்வதாக வைத்துக்கொள்ளலாம். ‘பில் ஆப் என்ட்ரி’ தாக்கல் செய்வது அவன் வேலை. எந்தத் தாள் குறைந்தால் கண்டெய்னர் தேங்குகிறது, தேங்கினால் தினமும் எவ்வளவு வாடகை ஏறுகிறது, அந்த நஷ்டம் கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். இந்தத் தாமதத்தைக் குறைக்க அவன் ஒரு பட்டியல் தயாரித்து, அதனால் மிச்சமான நாட்களைக் குறித்து வைத்திருந்தால், அதுவே நிர்வாகத்தில் முதல் பாடம்.

மாதக் கடைசியில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பத்து வரி எழுதி வைத்தால் போதும். என்ன சிக்கல் வந்தது, என்ன செய்தோம், எவ்வளவு மிச்சம் என்று எழுத வேண்டும். இரண்டு ஆண்டில் இது பெரிய சொத்தாகிவிடும். சில படிப்புகளுக்கு மேலதிகாரியின் பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள். அவருக்கும் இந்த வேலை தெரிந்திருந்தால்தானே எழுதுவார்?

இனிஷியல் தரும் தொல்லை

தமிழர்களுக்கே உரிய சங்கடம் இது. பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன் ஒரே எழுத்து இனிஷியல். ஆதாரில் தகப்பனார் பெயர் முழுதாகப் பின்னால். மும்பை ஆபீசில் அதையே குடும்பப் பெயர் என்று பதிந்திருப்பார்கள். மூன்று தாளில் மூன்று விதமாகப் பெயர் இருந்தால் சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் திண்டாட்டம்தான். சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும்.

சாதிச் சான்றிதழும் அப்படியே. மத்திய நிறுவனங்களில் தாழ்த்தப்பட்டோருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, ஓ.பி.சி. பிரிவினருக்கு 27 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் பிற்பட்டோர் என்று தந்த சான்றிதழ் மட்டும் ஓ.பி.சி. இடத்துக்குப் போதாது. சாதி மத்திய அரசுப் பட்டியலில் இருக்க வேண்டும். வசதி படைத்த பிரிவைச் சேர்ந்தவர் அல்ல என்று மத்திய அரசின் படிவத்தில் சான்று வேண்டும். ஊருக்குப் பொங்கலுக்குப் போகும்போதே தாலுகா ஆபீசில் விசாரித்து வந்தால், பின்னால் சம்பளத்தை இழந்து ஓட வேண்டாம்.

பணத்துக்கு என்ன வழி?

ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மில் இரண்டாண்டுக் கட்டணம் 25 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. கேட்டதும் மலைப்பு வரும். ஆனால் எல்லா இடமும் அப்படியல்ல. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் எப்.எம்.எஸ்.சில் சில லட்சங்களுக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கும் ‘கேட்’ மதிப்பெண்ணே வழி. சர்ச்கேட்டில் 1965 முதல் இயங்கும் ஜம்னாலால் பஜாஜ் நிறுவனமும் உண்டு. மகாராஷ்டிர அரசின் நுழைவுத் தேர்வை எழுதி அங்கே சேரலாம். ஆகவே ஒரே கதவை நம்பி நிற்காமல், மூன்று நான்கு இடங்களின் பட்டியலைக் கட்டணத்தோடு எழுதி வைக்க வேண்டும்.

கல்விக் கடனும் உண்டு. பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பட்டியலிட்ட உயர்தர நிறுவனங்களில் இடம் கிடைத்தால் அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் பெறலாம்.

ஆனால் படிக்கும் இரண்டு ஆண்டும் ஊருக்கு மணியார்டர் போலப் போய்க்கொண்டிருந்த பணம் நின்றுவிடும். அதற்கு வங்கி கடன் தராது. முதல் சம்பளத்திலிருந்தே மாதம் ஒரு தொகையைத் தனியாகப் போட்டு வர வேண்டும். வீட்டாரிடமும் இரண்டு ஆண்டு முன்பே பேசிவிட வேண்டும். கடைசி நேரத்தில் சொன்னால் அம்மாவின் கண்ணீருக்கு முன் எந்தத் திட்டமும் நிற்காது.

முதல் முறை கிடைக்காமல் போகலாம். ‘கேட்’ மதிப்பெண் ஓராண்டுக்கே செல்லும். மறுபடி எழுதத்தான் வேண்டும். வேலையில் இருந்துகொண்டே எழுதுவதால் சோற்றுக்குப் பங்கமில்லை. இதுவே சீக்கிரம் தொடங்குவதன் லாபம்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பார்கள். விண்ணப்பம் வருவதும் ஆடி, ஆவணியில்தான். ஆனால் அந்த நிலத்தை முந்தின ஆடியிலேயே உழுது வைத்தவனுக்குத்தான் விளைச்சல்!