துளிர்க்காத ரோஜா

பிரிட்டனில் குளிர்காலம் வந்தால் ரோஜாவை வெறும் வேரோடு விற்பார்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை இந்த வியாபாரம் நடக்கும். இலையுதிர்த்து உறங்கும் செடியை வயலிலிருந்து தோண்டி, மண்ணை உதறி, வேர் காயாமல் சுற்றி அனுப்பிவிடுவார்கள். வந்து சேர்வது முள்ளோடு நாலைந்து குச்சிகள்தான். நட்டபின் மே மாதம் வரையிலும் அது குச்சியாகவே நின்றால், செத்துவிட்டது என்று பிடுங்கி எறிபவர்கள் உண்டு. அவற்றில் பல உயிரோடு இருப்பவை என்பதுதான் வருத்தம்.

தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அடியில் ஈரப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் இன்னும் கீழே சுரண்டுங்கள். நுனி காய்ந்து அடி பச்சையாக இருப்பது சகஜம். காய்ந்ததை மட்டும் வெட்டிவிடலாம். ஒட்டுக்கட்டிய முடிச்சுவரை பழுப்பாக இருந்தால் மட்டுமே கைவிட வேண்டும். முடிச்சுக்குக் கீழிருந்து கிளம்பும் துளிரை நம்பக் கூடாது. அது நீங்கள் வாங்கிய ரோஜா இல்லை, ஒட்டுக்கு வேர் கொடுத்த காட்டுச்செடி.

உயிர் இருந்தும் ஏன் துளிர்ப்பதில்லை? தோண்டும்போதே மெல்லிய வேர்களும், தண்ணீரை உறிஞ்சும் வேர்த்தூவிகளும் வயலோடு போய்விட்டன. தடித்த வேரில் மாவுச்சத்து சேமிப்பாக இருக்கிறது, குடிக்கத்தான் வாயில்லை. புதிய வேர்முனைகள் குளிர்ந்த மண்ணில் மெதுவாகவே வரும். அதற்குள் வசந்தகாலத்தின் வறண்ட காற்று தண்டின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இதில் ஓர் அதிசயமான சிக்கலும் உண்டு. மொட்டை எழுப்பும் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் வேர்முனையில் உருவாகி மேலே ஏறுகிறது. வேர்விடத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோன் இளந்துளிரில் உருவாகிக் கீழே இறங்குகிறது. மேலும் கீழும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கின்றன.

சில செடிகள் இலைவிட்டும் ஏமாற்றும். தண்டிலிருந்த சேமிப்பை வைத்தே துளிர்த்துவிட்டு, பூச்சாடியில் வைத்த கிளைபோல ஒரு வெயில் நாளில் தொங்கிப்போகும். இப்படிப்பட்ட செடிக்குத் தண்ணீரைக் கொட்டிப் பயனில்லை. சேறான மண்ணில் பிராணவாயு குறைந்து, இருக்கும் வேரும் அழுகும். உரம் அதைவிட மோசம். அதன் உப்பு இளவேரிலிருந்தே நீரை வெளியே இழுத்துவிடும்.

வரவைக் கூட்ட முடியாதபோது செலவைக் குறைக்க வேண்டும். தண்டுகளைக் குட்டையாகக் கவாத்து செய்து, ஈரமான மக்கையோ மண்ணையோ முக்கால்வாசி தண்டு மறையும்படி குவித்து வையுங்கள். அந்த ஈரத்துக்குள் பட்டை காயாது, மொட்டு உப்பும், வேருக்கும் அவகாசம் கிடைக்கும். மண் காயாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். துளிர் விரல்நீளம் வந்ததும் குவியலை ஒரே நாளில் கலைத்துவிடாதீர்கள். ஈரத்தில் வளர்ந்த இலைக்கு மெழுகுப்பூச்சு மெலிந்திருக்கும். மேகமூட்டமான நாளாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரால் கழுவி இறக்குங்கள். கையால் வழித்தால் துளிர் ஒடிந்துவிடும்.