கலங்கிய ஏரியும் கேராப் புல்வெளியும்

ஆழமான ஏரிகளில் எவ்வளவு காற்றடித்தாலும் அடிமண் பெரும்பாலும் அசைவதில்லை; ஆளுயரம்கூட ஆழமில்லாத ஏரிகளிலோ ஒவ்வொரு காற்றும் வண்டலைக் கிளறிவிடும் என்பதால், நீர் தெளிந்திருப்பதும் கலங்கிக் கிடப்பதும் அடியில் செடி உண்டா இல்லையா என்பதைப் பெரிதும் பொறுத்தவை. இதற்கு நெதர்லாந்தின் வேலுவமேர் ஏரியைவிடத் தெளிவான சான்று அரிது.

1957-ல் கிழக்கு ஃப்ளேவோலாந்து நிலப்பரப்பு நீரிலிருந்து மீட்கப்பட்டபோது, பழைய கரைக்கும் புதிய நிலத்துக்கும் இடையில் விடப்பட்ட இந்த ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒன்றரை மீட்டர்தான். தொடக்கத்தில் தெளிந்திருந்த அது, கழிவுநீரோடு வந்த பாஸ்பரஸ் பெருகியதால், 1960-களின் இறுதியில் நீலப்பச்சைப் பாசியின் பிடியில் சிக்கியது. ஒளி அடியை எட்டாமற்போகவே செடிகள் பெரும்பாலும் மடிந்தன. 1979-ல் ஹார்டர்வெய்க் சுத்திகரிப்பு நிலையத்தில் பாஸ்பரஸை நீக்கவும், குளிர்காலத்தில் ஏரியைப் புதுநீரால் அலசவும் தொடங்கினார்கள். எனினும் செடிகள் உடனே திரும்பவில்லை. லிட்டருக்கு ஏறத்தாழ 0.20 மில்லிகிராம் பாஸ்பரஸ் சேர்ந்தபோது கெட்ட ஏரி, அந்த அளவு 0.10-க்கும் கீழே இறங்கிய பிறகே மீண்டது. கெட்ட வழியிலேயே திரும்பிவர முடியாத இந்த இயல்பைத் தான் மார்ட்டன் ஷெஃபர் முதலான சூழலியலாளர்கள், ஒரே ஏரிக்கு இரு நிலைத்த நிலைகள் உண்டு என்று 1990-களில் விளக்கினார்கள். வண்டலைத் துழாவி இரைதேடும் பிரீம் மீன்கள் அக்காலத்தில் மீன்பிடிப்பால் குறைந்ததும் மீட்சிக்குத் துணைசெய்தது.

திரும்பி வந்தவற்றுள் முதன்மையானது கேரா. பூக்காத, உண்மையான வேர் இல்லாத, வேரிழைகளால் மண்ணைப் பற்றி நிற்கும் பாசியினம் இது. அடர்ந்த புல்வெளிபோல் பரவும்போது அலையின் வேகத்தைத் தணித்து வண்டலை அமர வைக்கிறது. ஒளிச்சேர்க்கைக்காக நீரிலுள்ள பைகார்பனேட்டை, அதாவது கரைந்த கரிமத்தின் ஒரு வடிவத்தை, எடுத்துக்கொள்ளும்போது தன் தண்டின் மேல் சுண்ணப் படிவை உண்டாக்கி, அதனோடு பாஸ்பரஸின் ஒரு பகுதியையும் பிணைத்துவிடுகிறது. நுண்பாசிகளைத் தின்னும் டாப்னியா என்னும் நீர்த்தெள்ளுகள் மீன்களின் கண்ணில் படாமல் ஒளிய இடமும் தருகிறது. நுண்பாசியின் வளர்ச்சியைத் தடுக்கும் வேதிப்பொருள்களைக் கேரா சுரக்கிறது என்ற கருத்தும் உண்டு. ஏரியளவில் அதன் பங்கு எவ்வளவு என்பது இன்னும் விவாதத்துக்குரியது. வேலுவமேரில் புல்வெளிக்கு மேல் தெளிந்த நீரும், அதற்கு வெளியே கலங்கல் நீரும் ஒரே நேரத்தில் காணப்பட்டன.

நீரைத் தெளியவைப்பவை அடியில் மூழ்கி வளரும் செடிகளே. மேற்பரப்பை மூடி ஒளியையும் காற்றையும் தடுக்கும் ஆகாயத்தாமரையை இவற்றோடு சேர்த்து எண்ணுவது தவறு. மூழ்கிய செடிகளும் படகோட்டிகளுக்கு இடையூறாக வளர்வதுண்டு. அங்கும் படகுத்தடங்களில் மட்டும் வெட்டிவிட்டு, மற்ற இடங்களில் அவற்றை விட்டுவைப்பதே சரியான பராமரிப்பு.