கிழக்காசிய ஆய்வு உதவித்தொகைகள்: கம்பம் பள்ளத்தாக்கின் மாணவர்களுக்கு உரிய துறையா?

உத்தமபாளையத்திலும் போடிநாயக்கனூரிலும் உள்ள கல்லூரிகளில் பட்டம் பெறும் தலித் மாணவர்கள் பலரின் பெற்றோர், விடியுமுன் ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்பவர்கள். அம்மாணவர்களிடம் ஜப்பான், கொரியா, தைவான் நாடுகளின் அரசுக் கொள்கைகளை ஆராயலாம் என்று சொன்னால், அது நமக்கான துறையா என்ற கேள்வியே முதலில் எழும். நமக்கான துறைதான் என்பதற்கு இரண்டு காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, ஜப்பானின் புராக்குமின் மக்களின் வரலாறு. தோல் பதனிடுதல், இறைச்சி வெட்டுதல், சடலம் அகற்றுதல் ஆகிய தொழில்களோடு பிணைக்கப்பட்டுப் பிறப்பின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள் இவர்கள். 1871ஆம் ஆண்டு அரசாணை அவர்களது இழிநிலையைச் சட்டத்தளவில் நீக்கியது; சமூகம் நீக்கவில்லை. 1922இல் கியோத்தோ நகரில் அவர்கள் தங்களுக்கான விடுதலை இயக்கத்தைத் தொடங்கினர். 1969இல் வந்த சிறப்புச் சட்டத்தின் வழியே அவர்களது குடியிருப்புகளின் வீடு, சாலை, கல்வி ஆகியவற்றுக்கு அரசு நிதி ஒதுக்கியது. அந்த ஏற்பாடு 2002இல் முடிவுற்றது. ஆயினும் பாகுபாடு ஓயாததால் 2016இல் மற்றொரு சட்டம் தேவைப்பட்டது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டத்துக்குத் தமிழ்நாடு 2024இல் சட்டம் இயற்றியுள்ளது. நிதி ஒதுக்கீடு எதை மாற்றும், எதை மாற்றாது என்பதை அறிய ஜப்பானின் முப்பதாண்டு அனுபவம் நமக்குப் பாடநூல்.

இரண்டாவது, தொழிற்சாலைகள். ஸ்ரீபெரும்புதூரின் கொரிய, தைவானிய ஆலைகளும் செய்யாற்றின் காலணி ஆலையும் நம் கிராமப்புற இளைஞர்களின், குறிப்பாகப் பெண்களின், உழைப்பில் இயங்குகின்றன. அவர்களது விடுதி, ஊதியம், சங்க உரிமை பற்றிய முடிவுகளின் வேர் சியோலிலும் தைபேயிலும் இருக்கிறது. அந்த வேரை ஆராய்வோர் வரிசையில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.

வழிகள் உள்ளன. ஜப்பான் கல்வி அமைச்சகத்தின் ‘மெக்ஸ்ட்’ உதவித்தொகைக்கு 35 வயதுக்குட்பட்ட இளநிலைப் பட்டதாரிகளும் தூதரகம் வழியே விண்ணப்பிக்கலாம். கல்விக் கட்டணம், மாதாந்திரத் தொகை, விமானச் செலவு ஆகியவற்றை அந்நாட்டு அரசே ஏற்கிறது. படித்த துறையோடு தொடர்புள்ள ஆய்வுத் திட்டம் ஒன்றை எழுதித் தருவதே இதன் முக்கியப் படி. கொரிய, தைவானிய அரசுகளும் இவ்வாறான உதவித்தொகைகளை வழங்குகின்றன. இந்தியாவிலேயே ஆராய விரும்புவோருக்கு ஜவகர்லால் நேரு, தில்லிப் பல்கலைக்கழகங்களில் கிழக்காசியத் துறைகள் உள்ளன. அங்கே முனைவர் ஆய்வு செய்வோர் பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகையை நாடலாம்.

ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் உள்ள 125 இடங்களில் 115 பட்டியல் சாதியினருக்கு உரியவை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 60 விழுக்காடு மதிப்பெண் தேவை. ஆனால் இடம் இருப்பதும் பணம் கிடைப்பதும் ஒன்றல்ல. 2025இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டுமே ஒப்புதல் கடிதம் வழங்கப்பட்டது. மற்றவர்களுக்கு நிதி கிடைத்தால்தான் என்று சொல்லப்பட்டது.

இதைவிட ஆழமான தடை ஒன்று உண்டு. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு இவ்வுதவித்தொகை கிடையாது என்று 2022இல் விதி மாற்றப்பட்டது. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா சென்ற அண்ணல் அம்பேத்கர், 1916இல் அங்கே வாசித்த கட்டுரை இந்தியச் சாதிகளைப் பற்றியது. இன்றைய விதியின்கீழ் அத்தலைப்புக்கு இடமில்லை.

ஜப்பானின் குடியிருப்புக் கொள்கையை மட்டும் ஆராய்பவரை இவ்விதி தடுக்காது. புராக்குமின் மக்களையும் தலித் மக்களையும் ஒப்பிட முனைபவரோ தேர்வுக்குழுவின் விருப்பத்துக்கு ஆளாகிறார். நம் வாழ்வைப் பிறர் வாழ்வோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமையே இங்கே மறுக்கப்படுகிறது. விதி நீங்கும்வரை, அயல்நாட்டுக் கொள்கையை மையமாக வைத்துத் தலைப்பை அமைப்பது ஒரு வழி. இத்தடை இல்லாத அயல்நாட்டு அரசுகளின் உதவித்தொகைகளை நாடுவது மற்றொரு வழி.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. 2022ஆம் ஆண்டு விதி நீக்கப்பட வேண்டும். தேர்வான அனைவருக்கும் அதே ஆண்டில் நிதி வழங்கப்பட வேண்டும். சமூகநீதி விடுதிகளில் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஆய்வுத் திட்டம் எழுதும் பயிற்சியும், கடவுச்சீட்டு, வருமானச் சான்று பெறுவதற்கான உதவியும் கிடைக்க வேண்டும். முதல் இரண்டும் தில்லியில் தீர்க்கப்பட வேண்டியவை. மூன்றாவதைத் தேனியில் இவ்வாண்டே தொடங்கலாம். விண்ணப்பித்துச் சென்று வந்த ஆய்வாளர்களும் மாணவர் அமைப்புகளும் அதற்கு முன்வர வேண்டும்.